அடுப்படிக் கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகத் தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றில் இயங்கும் சிறிய அமைப்பின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகம் என்பது ஒரு வாடகை வீட்டின் முன்னறை. பின்னறையில் அன்றைக்கு இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் தங்கியிருந்தார்கள். நிறுவனம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டிய நிதி விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி அமைப்பை நடத்தும் அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். "நீங்க எழுதுறவங்க டீச்சர், வார்த்தையை மட்டும் பார்த்துக் கொடுங்க. கணக்கெல்லாம் நாங்களே போட்டுட்டோம்."

வார்த்தையில் திருத்த அதிகம் இல்லை. கண் கணக்கில்தான் போய் நின்றது. அறுபது பெண்களுக்குச் சட்டப் பயிற்சி, இரண்டு ஆற்றுப்படுத்துநர்களின் சம்பளம், பயணம், சாப்பாடு, கையேடு அச்சடிப்பு என்று வரிசையாக எழுதி, கடைசியில் ‘நிர்வாகச் செலவு 5 சதவீதம்’ என்று முடித்திருந்தார்கள். இந்த வீட்டு வாடகை எங்கே என்று கேட்டேன். "அதுக்குள்ளதான்." கணக்கு எழுத வரும் பெண்ணின் சம்பளம்? "அதுக்குள்ளதான்." ஆடிட்டர், கரண்ட் பில், போன்? "எல்லாம் அதுக்குள்ளதான் டீச்சர்." உங்கள் சம்பளம் என்றேன். சிரித்தார். "எனக்கென்ன, வீட்டுக்காரர் பென்ஷன் வருதில்ல?"

பின்னறையில் குழந்தை அழுதது. சமைத்துக்கொண்டிருந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டார். விண்ணப்பத்தின் எந்த வரியிலும் அவர் இல்லை.

எனக்குப் பொருளாதாரம் தெரியாது. தமிழ் படித்தவள். கேட்டுப் பெறுவது பற்றிய இலக்கியம் நம்மிடம் பழையது. புறநானூற்றில் குமணனிடம் போய் நிற்கும் பெருஞ்சித்திரனாரை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு வருடமும் எனக்கு ஒரு வியப்பு. அவர் தன் புலமைக்கு விலை கேட்பதில்லை. நடக்கமாட்டாத தாயை, பிள்ளைகள் பிய்த்தெடுக்கும் மனைவியை, அவள் குப்பையில் பறித்து உப்பில்லாமல் வேகவைத்த கீரையைச் சொல்லிக் கேட்கிறார். பாட்டு வெளியே வர ஒரு வீடு பின்னால் பட்டினி கிடக்கிறது, அதையும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்பது அவர் கேட்கும் முறை. பரிசில் வந்ததும் மனைவியிடமே கொடுத்து, எல்லாருக்கும் கொடு என்கிறார். அடுப்படி விடுபடாத விண்ணப்பம் அது.

அன்றிரவு பேருந்தில் திரும்பும்போது வேறொரு கேள்வி கூடவே வந்தது. பெண்களுக்கு ஒரு வீடு திறக்க வேண்டும், இத்தனை ஆண்டுகளுக்குப் பணம் வேண்டும் என்று முன்பின் அறியாதவர்களிடம் எழுதிக் கேட்ட பெண்கள் நம் நாட்டில் முன்பு எப்படிக் கேட்டார்கள்? எதையெல்லாம் கணக்கில் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?

பண்டித ரமாபாயிலிருந்து தொடங்குகிறேன். 1858இல் பிறந்தவர். ஊர் ஊராகப் புராணம் படித்துப் பிழைத்த குடும்பம். 1870களில் சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் தந்தை போனார், தாயும் தமக்கையும் அடுத்தடுத்துப் போனார்கள். சமஸ்கிருதப் புலமைக்காகக் கல்கத்தாவில் பட்டம் பெற்று, 1880இல் சாதி விட்டு மணந்து, 1882இல் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். உறவினரான ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறுவதைப் பார்க்க 1886இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அங்கேயே தங்கி அடுத்த ஆண்டு ‘உயர்சாதி இந்துப் பெண்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். நம் பெண்ணிய வரலாறுகள் அந்த நூலைக் கைம்பெண் நிலையின் சாட்சியமாகவே படிக்கின்றன. அது சரிதான். ஆனால் அதன் கடைசி அத்தியாயம் ஒரு விண்ணப்பம், தலைப்பே அதுதான். முந்தைய அத்தியாயங்கள் முழுவதும் ஏன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் பணம் கேட்கிறார். கைம்பெண்கள் பாதுகாப்பாகத் தங்க ஒரு வீடு, அங்கேயே படிப்பு, சொந்தக் காலில் நிற்க ஆசிரியர் வேலையோ செவிலியர் வேலையோ பழகும் பயிற்சி.

அந்தப் பணம் வந்த விதத்தைப் பாருங்கள். 1887 டிசம்பரில் பாஸ்டனில் அமெரிக்க ரமாபாய் சங்கம் அமைந்தது. மதுவிலக்கு இயக்கத்தின் பிரான்சிஸ் வில்லார்ட் துணைத் தலைவர்களில் ஒருவர். ஊருக்கு ஊர் ‘ரமாபாய் வட்டங்கள்’ தொடங்கினார்கள். வட்டத்தில் சேர்கிறவர் ஆண்டுக்கு ஒரு டாலராவது தர வேண்டும், பத்து ஆண்டுகளுக்குத் தர வேண்டும். இந்தப் பத்து என்ற எண்ணில்தான் எனக்கு மனம் நிற்கிறது. இன்றைய விண்ணப்பப் படிவங்கள் பதினொரு மாதம், பன்னிரண்டு மாதம் என்று கேட்கின்றன. பத்து வயதில் தலை மழிக்கப்பட்ட ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படித்து, பயிற்சி முடித்து, ஒரு பள்ளியில் சம்பளம் வாங்கும் நாள் வர எத்தனை வருடம் ஆகும் என்று ரமாபாய் யோசித்திருக்கிறார். தலைக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துக் கேட்டிருந்தால் வீடும் வந்திருக்காது, ஆசிரியையும் வந்திருக்கமாட்டார்.

1889 மார்ச் 11 அன்று பம்பாயில் சாரதா சதன் திறந்தது. அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாறியது. முதலில் வந்த கைம்பெண் மாணவி கோதுபாய். பின்னாளில் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டவர். 1893இல் வந்தது சோதனை. சில மாணவிகள் ரமாபாயின் கிறித்தவ வழிபாட்டில் வந்து உட்காருகிறார்கள் என்று பூனாவில் புயல் கிளம்பியது. ரானடேயும் பண்டார்கரும் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பலர் தங்கள் வீட்டுப் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உள்ளூர் ஆதரவை நம்பி, ஆண்டுக்கு ஆண்டு கையேந்தி நடந்த இடமாக இருந்தால் சதன் அந்த ஆண்டே மூடியிருக்கும். பாஸ்டன் சங்கம் கைவிடவில்லை. பத்து ஆண்டு வாக்கு பத்து ஆண்டும் நின்றது. மதம் பற்றிய சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். உமா சக்கரவர்த்தியும் மீரா கோசாம்பியும் அதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது வாடகை. சர்ச்சை நடந்த மாதங்களிலும் வாடகை தர முடிந்தது, சமையல் நடந்தது, பாடம் நடந்தது.

பத்து ஆண்டு முடிவது 1898இல் என்பதையும் அவர் முன்பே கணக்கில் வைத்திருந்தார். பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற ஊரில் நிலம் வாங்கிப் பழமரங்கள் வைத்தார். அமெரிக்கப் பணம் நின்றபின் தோட்டத்து வருமானம் பள்ளியைத் தாங்க வேண்டும் என்பது திட்டம். 1896, 97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து அவர் அழைத்துவந்த பெண்களும் சிறுமிகளும் தங்கியது அந்த நிலத்தில்தான். முக்தி அங்கே உருவானது அப்படி. 1898இல் மறுபடி அமெரிக்கா போய்ப் புதிய சங்கத்துக்கு வழி செய்துவிட்டு வந்தார். துறவி போல வெள்ளைப் புடவையில் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம். கணக்கில் அவருக்கு இருந்த கெட்டித்தனத்தைப் பேசுவதில்லை.

விட்டவையும் உண்டு. நூலின் தலைப்பிலேயே சாதி இருக்கிறது. சதனில் தங்குகிறவர்கள் தங்கள் சாதி ஆசாரத்தைக் காத்துக்கொள்ள இடமிருந்தது. ஆசாரம் காக்கும் சமையலறை சும்மா நடக்காது. தண்ணீர் யார் எடுப்பது, பாத்திரம் யார் துலக்குவது, கழிவு யார் அள்ளுவது என்ற ஏற்பாடுகள் அதன் பின்னால் இருக்கும். அந்தக் கைகளின் பெயர்கள் நூலுக்குள் வரவில்லை. இன்னொன்று, மகள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மனோரமா தாயின் நிறுவனங்களிலேயே உழைத்து 1921இல் இறந்தார். அடுத்த ஆண்டு தாய். மகளின் வாழ்நாளை எந்த வட்டத்தின் டாலர் ஈடுகட்டியது?

சென்னைக்கு வந்தால் இந்த விடுபடல் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. சகோதரி சுப்பலட்சுமி 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண். அடுத்த ஆண்டு எழும்பூரில், குடும்பம் வாழ்ந்த வீட்டிலேயே, நான்கு பிராமணக் கைம்பெண் சிறுமிகளோடு இல்லம் தொடங்கியது. வீடு தந்தையுடையது. துணை நின்றவர் சித்தி வாலாம்பாள்; அவரும் கைம்பெண். பின்னால் இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது, அரசு கை கொடுத்தது, பெயர் பரவியது. ஆனால் ஒரு பெண் பட்டதாரி வகுப்பெடுக்கப் போகும் நேரத்தில் வீட்டைக் காக்க இன்னொரு பெண் வேண்டும் என்ற உண்மை அரசின் மானியக் கணக்கில் ஏறக்கூடியது அல்ல. அதைச் ‘சித்தி’ என்ற உறவுப்பெயர் தாங்கிக்கொண்டது. நம் மொழியில் சித்தி, அத்தை, பாட்டி எல்லாம் உறவுப்பெயர்கள் மட்டுமல்ல, சம்பளமில்லாத பதவிப்பெயர்களும்தான்.

முத்துலட்சுமி ரெட்டியின் கதையும் வீட்டில்தான் தொடங்குகிறது. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் அவர் போராடிய காலத்தில், போக இடமில்லாமல் வந்து நின்ற பெண்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் அதிலிருந்து வளர்ந்தது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் பிறந்தது. அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமில்லாமல் வேலை செய்தார். பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் கொடுத்தார்கள். 2021இல் இறக்கும்வரை அந்த வளாகமே அவர் வீடு. இதை எப்போதும் தியாகம் என்றே எழுதுகிறோம். நானும் ஒரு கவிதையில் அப்படி எழுதியிருக்கிறேன், இப்போது அதைத் தொகுப்பில் சேர்க்க மனம் வரவில்லை. தியாகம் என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த மூன்று ஆண்டுச் சம்பளத்தை ‘டாக்டர் சாந்தா அளித்த நன்கொடை’ என்று வரவுப் பக்கத்தில் எழுதியிருந்தால், மருத்துவமனையைக் கட்டியவர்களின் பட்டியலில் அவர் பணம் கொடுத்தவராகவும் நின்றிருப்பார்.

இந்த இடத்தில் சில சொற்களைப் பார்க்க வேண்டும். தமிழ்க்காரிக்கு அதை விட்டால் வேறு என்ன தெரியும்? ஊதியம் என்ற சொல் குறளிலேயே உண்டு. ஆதாயம் என்று பொருள். நம் காலத்தில் அதற்கு முன்னால் ‘மதிப்பு’ சேர்த்து மதிப்பூதியம் ஆக்கினோம். மதிப்பு கூடியது, ஊதியம் குறைந்தது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பெண்களுக்குக் கிடைப்பது மதிப்பூதியம்தான். எடை பார்ப்பது, சமைப்பது, சொல்லிக்கொடுப்பது, வீடு வீடாகப் போவது, பதிவேடு எழுதுவது எல்லாம் செய்தும் அவர்கள் சட்டப்படி தொண்டு செய்கிறவர்கள். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் ஆனது. ஆஷா பணியாளர்களுக்கு வழங்குவதன் பெயர் ஊக்கத்தொகை. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு இல்லத்தரசிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது ‘உரிமைத்தொகை’ என்று பெயர் வைத்தது. ஆயிரம் ரூபாயில் என்ன வரும் என்ற கேள்வி இருக்கட்டும். உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது சின்ன விஷயமில்லை. 1972இல் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு செல்மா ஜேம்ஸ், மரியரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடரிச்சி போன்றவர்கள் இயக்கம் தொடங்கியபோது அவர்கள் கேட்டதும் முதலில் இந்தப் பெயர் மாற்றத்தைத்தான்: அன்பு என்று சொல்லாதே, வேலை என்று சொல்.

நிதி விண்ணப்பங்களில் ‘நிர்வாகச் செலவு’ என்ற சொல் செய்கிற வேலையும் இதே வகை. வாடகை, கணக்கு, பெருக்கித் துடைப்பது, பில் கட்டுவது, அறிக்கை எழுதுவது, பூட்டுச் சாவியோடு கடைசியாகக் கிளம்புவது. இவை ஒரு நிறுவனத்தின் வீட்டுவேலை. செய்தால் யார் கண்ணிலும் படாது. செய்யாவிட்டால் மறுநாளே தெரியும். வீட்டுவேலையைப் போலவே இதையும் மொத்தத்தில் இத்தனை சதவீதத்துக்குள் முடி என்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் முதல் சட்டம் நெருக்கடி நிலையின்போது, 1976இல் வந்தது. அதன் இடத்துக்கு வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் ஆண்டில் வரும் வெளிநாட்டுப் பணத்தில் 50 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு ஆகக்கூடாது என்றது. 2020 திருத்தம் அந்த ஐம்பதை 20 ஆக்கியது. பெருந்தொற்று நடுவில், செப்டம்பர் மாதத்தில். அதே திருத்தம் பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தருவதையும் தடுத்துவிட்டது. சிறு பெண்கள் குழுக்கள் பல அப்படிப் பகிர்ந்த பணத்தில்தான் பிழைத்தன. எது நிர்வாகச் செலவு என்று விதிகள் பட்டியலிடுகின்றன: வாடகை, மின்சாரம், தொலைபேசி, வண்டி, கணக்கெழுதுதல், அறிக்கை தயாரித்தல், நிர்வாகிகளின் சம்பளம். எது இல்லை என்பதற்கு உதாரணமும் தருகின்றன: மருத்துவமனையில் டாக்டர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம். நோக்கத்துக்கு நேராகச் செய்கிற வேலை என்பதால் இவை கணக்கில் வராது. படித்துவிட்டு அந்தச் சமையல் அம்மாவை நினைத்தேன். நள்ளிரவில் அடிபட்டு வந்து நிற்கும் பெண்ணுக்குக் கதவு திறந்து, சூடாக ஒரு டம்ளர் காபி கொடுத்து, குழந்தையை வாங்கிக்கொள்கிறவர் செய்வது நோக்கத்துக்கு நேரான வேலையா, நிர்வாகமா? விதி அவரைப் பற்றிப் பேசவில்லை. அதனால் நாம் பேசலாம் என்றும் அதற்குப் பொருள்.

அக்காவின் படிவத்தில் இருந்த 5 சதவீதம் வேறு சட்டத்திலிருந்து வந்தது. அது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி; 2014 முதல் நடப்பில் உள்ளது. அதன் விதிகளில் 5 சதவீதம் என்ற வரம்பு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது கம்பெனிக்கு வைத்த வரம்பு. கம்பெனி தன் சமூகப் பொறுப்பு வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கத் தன் அலுவலகத்தில் செய்யும் செலவு, மொத்த ஒதுக்கீட்டில் ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் அது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அந்த ஐந்துக்குள் வராது என்று 2021 ஜனவரித் திருத்தம் விளக்கமாகவே சொல்கிறது. தனக்கு வைத்த வேலியைக் கம்பெனி அடுத்தவர் வயலில் கொண்டுபோய் நட்டிருக்கிறது. நம் பெண்களும் சட்டம்தானே என்று அதற்குள் குனிந்து நிற்கிறார்கள்.

மற்ற நாடுகளிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. நிதி கொடுப்பவர்கள் குறைத்துக் கொடுக்க, பெறுகிறவர்கள் குறைத்துக் காட்ட, அடுத்த முறை இன்னும் குறைவே போதும் என்று கொடுப்பவர்கள் நம்ப, இப்படியே அமைப்புகள் மெலிந்துபோவதை 2009இல் அமெரிக்காவில் இருவர் ‘பட்டினிச் சுழல்’ என்று எழுதினார்கள். அந்நாட்டு அரசு, தன்னிடம் நிதி பெறும் அமைப்புகள் தனிப் பேரம் இல்லாமலே 10 சதவீதம் மறைமுகச் செலவு எடுத்துக்கொள்ளலாம் என்று 2014இல் விதித்தது. 2024 அக்டோபரில் அது 15 ஆனது. ஃபோர்டு அறக்கட்டளை 2016இல் பத்தை இருபதாக்கியது. பெண்கள் அமைப்புகளின் நிலை இன்னும் கீழே. பெண்ணுரிமைக்கான பன்னாட்டு அமைப்பான அவிட், 140க்கும் மேற்பட்ட நாடுகளில் 1,119 பெண்கள் அமைப்புகளைக் கேட்டு 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 48 சதவீதம், அமைப்பை நடத்துவதற்கென்று யாரிடமும் ஒருபோதும் நிதி பெற்றதில்லை. 52 சதவீதத்துக்கு ஓராண்டுக்கு மேல் நீளும் நிதி கிடைத்ததே இல்லை. இலைக்குத் தண்ணீர் விட்டு வேரைக் காயவிடுகிறார்கள் என்பது அந்த அறிக்கையின் தலைப்பு. ரமாபாய்க்குப் பத்து ஆண்டு கிடைத்து நூற்றிருபது ஆண்டு கழித்து வந்த அறிக்கை இது.

மறுவாரம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். அக்கா, கணக்கெழுதும் பெண், நான் மூவரும் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் எழுதினோம். எந்தத் திட்டத்துக்கும் தனியாகச் சொந்தமில்லாத, ஆனால் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் நடக்காத செலவுகள் மட்டும். வீட்டு வாடகை மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. அரைநாள் கணக்காளருக்கு மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. ஆடிட்டருக்கு 30,000. கரண்ட், போன், இணையம் மாதம் 4,000, வருடத்துக்கு 48,000. இதுவரை கைக்காசு போகிற செலவு. பிறகு எழுதத் தயங்கியவை. சமையல் அம்மாவுக்குச் சாப்பாடும் தீபாவளிக்குப் புடவையும்தான் கொடுத்துவந்தார்கள். மாதம் 9,000 என்று எழுதினேன், வருடத்துக்கு 1,08,000. அக்காவின் வேலைக்கு மாதம் 12,000 என்று எழுதப் போனபோது பேனாவைப் பிடித்துக்கொண்டார். "இதை எழுதுனா சம்பளத்துக்காக நடத்துறேன்னு சொல்லுவாங்க டீச்சர்." கணக்கெழுதும் பெண்தான் பதில் சொன்னாள்: "நான் சம்பளத்துக்குத்தானேக்கா வர்றேன். நான் நல்லவ இல்லையா?" எழுதினோம். 1,44,000.

கூட்டினால் 5,70,000. அமைப்பில் ஓடும் மூன்று திட்டங்களில் களத்தில் வேலை செய்பவர்கள் ஆறு பேர். இந்தத் திட்டத்துக்கு இரண்டு பேர். ஆக மூன்றில் ஒரு பங்கு, 1,90,000. திட்டத்தின் நேரடிச் செலவு 9,80,000 என்று அவர்கள் போட்டிருந்தது சரியாகவே இருந்தது. அதில் 5 சதவீதம் 49,000. மீதி 1,41,000 ரூபாய் யார் கொடுத்தது? அதில் 84,000 அக்காவும் சமையல் அம்மாவும் வாங்காத கூலி. 57,000 நன்கொடைப் பெட்டியிலிருந்தும் அக்காவின் கைவளையலிலிருந்தும் போயிருக்கிறது. வளையல் அடகில் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். நிதி கொடுப்பவர் தன் அறிக்கையில் திட்டத்தின் முழுச் செலவையும் தாங்கியதாக எழுதிக்கொள்வார். உண்மையில் அந்தத் திட்டத்துக்கு இரண்டாவது புரவலர் ஒருவர் இருக்கிறார். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எப்படி வந்தது, ஏன் மூன்றில் ஒன்று என்று ஒரு வரி விளக்கம் எழுதினோம். நேரடியாகத் திட்டத்தோடு கட்டக்கூடியதை ‘நிர்வாகம்’ என்ற மூட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தோம். அறுபது பெண்களுக்கான வழக்குப் பதிவேடு எழுதும் நாட்கள் கணக்காளரின் வேலைதான், ஆனால் அது இந்தத் திட்டத்தின் வேலை. விதியின் நகலையும் இணைத்தோம்.

கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி போனில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். வாடகையெல்லாம் திட்டத்தில் வருமா மேடம் என்று கேட்டிருக்கிறார். "பயிற்சிக்கு வர்ற பொம்பளைங்க மழைல நிக்க முடியாதுல்ல சார்" என்றாராம் அக்கா. இரண்டு மாதம் இழுத்தது. வாடகை, கணக்கு, ஆடிட்டர், கரண்ட், போன் பங்கு 1,06,000 வந்தது. சமையல் அம்மாவின் பங்கு 36,000, ‘தங்குமிடப் பராமரிப்பு’ என்ற பெயரில் வந்தது. அக்காவின் 48,000 மட்டும் அடிக்கப்பட்டது. நிறுவனர்களுக்குச் சம்பளம் தருவது தங்கள் கொள்கை இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

போன மாதம் போனில் பேசியபோது அக்கா வளையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கு ஜனவரி கடைசித் தேதி என்றார். அந்த நோட்டை எடுத்து வையுங்கள், அந்த வரியை மறுபடி எழுதுவோம் என்றேன்.